துண்டுச்சீட்டில் நின்றுபோன கேள்வி: சேலத்துப் பேச்சு மேடைகளின் பின்னணி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் ஆறேகாலுக்குத் தொடங்கியது. அஸ்தம்பட்டிப் பக்கம் ஓர் அரங்கம். எண்பது நாற்காலி, அறுபது பேர். பண்பாடும் மக்களாட்சியும் என்பது தலைப்பு. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்த நால்வரின் வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப்பரிசு எல்லாம் முடிந்து சிறப்புரையாளர் மைக்கைப் பிடித்தபோது ஏழரை மணி. அவர் நன்றாகப் பேசினார். அரங்கத்தை எட்டரைக்கு ஒப்படைக்க வேண்டியிருந்ததால், நோட்டீஸில் கடைசி வரியாக இருந்த ‘கலந்துரையாடல்’ மட்டும் நடக்கவில்லை. நேரே நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், தன் கேள்வியை எழுதி வைத்திருந்த துண்டுச்சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “சரிங்க, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்” என்று எழுந்தார்.

சேலத்தில் கலை, பண்பாடு, சமூகச் சிக்கல்கள் பற்றிப் பேசும் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. நூலக வாசகர் வட்டம், இலக்கிய அமைப்புகள், கல்லூரிக் கருத்தரங்கு, புத்தகத் திருவிழாவின் மாலை அரங்கு, தெருமுனைக் கூட்டம் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. குறைந்துபோனது அந்தப் பெரியவரின் துண்டுச்சீட்டுக்கான இடம். ஒருவர் பேசிப் பலர் கேட்பதால் மட்டும் ஒரு பேச்சு பொதுப்பேச்சு ஆகிவிடாது. கேட்டவர் எழுந்து மறுத்துப் பேச வழியிருக்கும்போதுதான் அது பொதுவாகிறது என்று நான் நம்புகிறேன். அந்த வழி எப்படித் திறந்தது, எங்கெங்கே அடைபட்டது என்பதைச் சேலத்தின் கதையை வைத்தே பார்க்கலாம்.

மேடை ஏறிப் பேசுவது தமிழர்க்கு என்றைக்கும் இருந்த வழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். விவாதம் பழையதுதான். ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கும் கூட்டத்தின் முன்னால், பாட்டாக இல்லாமல் உரைநடையில், பொதுக்காரியம் பேசுவது அவ்வளவு பழையதல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்தார்கள். விடிய விடியத் தெருக்கூத்து நடந்தது. சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்து ஊர்களில் இன்றும் நடக்கிறது. கூத்து பார்க்கும் ஊர் நன்றாகக் கேட்கத் தெரிந்த ஊர். ஆனால் அங்கே கதை முன்பே தெரிந்த கதை; யார் எங்கே உட்காரலாம் என்பதும் சாதியால் முன்பே தீர்மானமான ஒன்று. பாதிரிமார்களின் பிரசங்க முறையைப் பார்த்து, அதே ஆயுதத்தைச் சைவத்துக்காகக் கையில் எடுத்தவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று அவர் தொடங்கிய பிரசங்க வரிசையைத் தமிழ் மேடைப்பேச்சின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். அங்கிருந்து அரசியலுக்கு வர இன்னும் அறுபது ஆண்டு ஆயிற்று. சுதேசி இயக்கக் காலத்தில், 1906க்குப் பிறகு, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கூலித் தொழிலாளிக்குப் புரியும் தமிழில் பேசினார்கள். பேச்சுக்குத் தண்டனை சிறை. சிவா அடைக்கப்பட்ட சிறைகளில் சேலம் சிறையும் ஒன்று. உடல் நொடிந்து அவர் 1925இல் கண்ணை மூடிய பாப்பாரப்பட்டியும் அன்று சேலம் மாவட்டத்து ஊர்தான்.

சேலத்து வக்கீல்களின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1866இலேயே சேலம் நகராட்சி ஆகிவிட்டது. அதில் உறுப்பினராக இருந்த சி. விஜயராகவாச்சாரியார், 1882இல் நடந்த கலவரத்தைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டார். கலவரத்தின் வேர், செவ்வாய்ப்பேட்டையில் மசூதி இருக்கும் தெரு வழியாக ஊர்வலம் போவது பற்றிய தகராறு. அவர் வழக்கை எதிர்த்து நின்று விடுதலையானார். நகராட்சிப் பதவியிலிருந்து தன்னை நீக்கியதை எதிர்த்தும் வழக்காடி 100 ரூபாய் இழப்பீடு பெற்றார். தொகை சிறிது. ஆனால் தெருவில் யார் போகலாம், சபையில் யார் உட்காரலாம் என்ற கேள்விகளுக்கு அரசிடமே பதில் கேட்கலாம் என்பதை இந்த ஊர் அன்றே பார்த்துவிட்டது. 1920இல் நாகபுரி காங்கிரசுக்கு அவர்தான் தலைவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியும் இங்கே வக்கீலாகத் தொழில் தொடங்கியவர். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அந்தப் பழக்கம் ஊரின் பொதுப்பேச்சிலும் ஊறியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதன் உச்சம் 1943. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டும் என்று சுயமரியாதைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம். பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாவும் தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளையும் ஒரே மேடையில் மோதினார்கள். அடுத்த மாதமே, மார்ச்சில், சேலத்தில் அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். இருவர் பேச்சும் பின்னாளில் அச்சில் வந்து தலைமுறைகள் படித்தன. எரிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டோடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை. எந்த நூலையும் எரிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கூட்டம் நடந்த முறையை எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. பக்தர்கள் போற்றும் நூலைப் பற்றி, ஊரில் பாதிப் பேரையாவது சுட்டிருக்கக்கூடிய ஒரு கருத்தை, அதை முழுமூச்சாக எதிர்க்கும் பெரும்புலவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார் ஒரு முப்பத்து மூன்று வயதுக்காரர். புலவரும் வந்தார், கேட்டார், பதில் சொன்னார். கேட்டவர்கள் இரண்டையும் எடைபோட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மணிமேகலையின் முதல் காதையில் இந்திரவிழாவை முரசறைந்து அறிவிப்பவன் சொல்வது இதைத்தான். ‘ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’ என்கிறான். கூடவே, பகைவரிடம்கூடச் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறான். இன்றைய தொலைக்காட்சிப் பட்டிமன்றத்துக்குப் பெயர் கொடுத்தது அந்தப் பட்டிமண்டபம். ஆனால் உண்மையிலேயே எதிரெதிராக நம்புகிற இருவரை ஏற்றுவது பழைய முறை; அணி பிரித்து ஆளுக்கொரு தரப்பைக் கையில் கொடுப்பது இன்றைய முறை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரிது.

அடுத்த ஆண்டு, 1944 ஆகஸ்ட் 27, அதே சேலத்தில் நீதிக்கட்சி மாநாடு கூடியது. கட்சிக்குத் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதை எல்லாரும் சொல்வார்கள். அண்ணாவின் தீர்மானத்தில் இருந்த இன்னொரு கூறு எனக்கு முக்கியமாகப்படுகிறது: வெள்ளை அரசு கொடுத்த சர், ராவ்பகதூர் போன்ற பட்டங்களைத் துறக்க வேண்டும், கௌரவப் பதவிகளை விட்டுவிட வேண்டும். இது மேடையில் யார் உட்காரலாம் என்பதையே மாற்றிய தீர்மானம். அதுவரை பட்டமும் சொத்தும் ஆங்கிலமும் உடையவர்களின் இடமாக இருந்த மேடை, தமிழில் பேசத் தெரிந்தவன் இடமானது. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸில் மு. கருணாநிதி ‘மந்திரி குமாரி’க்கு வசனம் எழுதியதும், 1950இல் அந்தப் படம் வந்ததும் இதன் தொடர்ச்சிதான். மேடைத்தமிழ் திரைக்குப் போய், திரையிலிருந்து திரும்ப டீக்கடைக்கும் தறிக்கூடத்துக்கும் வந்தது. ஆனால் திரையில் பேசும் குரலை யாரும் இடைமறித்துக் கேள்வி கேட்க முடியாது. அடுக்குமொழியின் அழகோடு அந்த ஒருவழிப் பழக்கமும் மேடைக்கு வந்து சேர்ந்துவிட்டதோ என்று எனக்குக் கவலை உண்டு.

அதே 1950ஐ நினைக்கும்போது சொல்லாமல் கடந்துபோக முடியாத ஒன்று இருக்கிறது. ஜனவரி 26இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. பதினாறே நாளில், பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்துப்போனார்கள். பேச்சுரிமையும் கூடும் உரிமையும் எழுத்தில் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகுமுன் நடந்தது அது. உரிமை தாளில் வருவதற்கும் தரையில் இறங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளியைச் சேலத்துக்காரர்களுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்று அந்த உரிமை எந்த வடிவில் இருக்கிறது? அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, பேசவும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளையும் அனுமதிக்கிறது. சேலம் மாநகரக் காவல் ஆணையர் எல்லைக்குள் பொது இடத்தில் கூட்டம் போட, 1888ஆம் ஆண்டுச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவுதான் இன்றும் வழி. ஐந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். விஜயராகவாச்சாரியார் காலத்துச் சட்டம் நம் தெருமுனையை இன்னமும் ஆள்கிறது. அகமதாபாத் வழக்கொன்றில் 1972இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இது பற்றித் தெளிவாகச் சொன்னது: தெருவில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் அதிகாரி தன் விருப்பப்படி மறுக்கும் கட்டற்ற அதிகாரம் செல்லாது. ஒழுங்குபடுத்துவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஒரு கட்சியின் பிரச்சாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிர் போனதைச் சேலத்துக்காரர்கள் மறக்க மாட்டோம். அந்தக் கூட்டத்துக்கும், நாற்பது பேர் நாடகக் கலை பற்றிப் பேசக் கூடும் கூட்டத்துக்கும் ஒரே அளவுகோலை வைக்கக்கூடாது என்பதுதான் என் வாதம்.

ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. இது நல்ல விதி. நோயாளிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் தேவையான விதி. ஆனால் பத்து மணி என்ற எல்லை வந்த பிறகும் கூட்டத்தின் முன்பகுதி சுருங்கவில்லை. வாழ்த்துரைகளும் பொன்னாடைகளும் அப்படியே இருக்கின்றன. நேரம் குறையும்போது வெட்டுப்படுவது கடைசியில் இருக்கும் கேள்விநேரம்தான்.

கோட்டை மைதானமும் போஸ் மைதானமும் இந்த ஊரின் பெரிய பேச்சுகளுக்கு இடம் கொடுத்தவை. மைதானத்தில் நின்று கேட்பவனுக்குச் செலவில்லை. பேரம் பேசிவிட்டு வந்த வெள்ளிப்பட்டறைக்காரர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், பூக்காரம்மா என்று யார் காதிலும் பேச்சு விழும். கலை, பண்பாட்டுக் கூட்டங்கள் அரங்கத்துக்குள் போனபோது இந்த வழிப்போக்கர்களை இழந்தோம். அனுமதிச் சிக்கல், வெயில், போக்குவரத்து, மைக் செட், பந்தல் செலவு எல்லாம் சேர்ந்துதான் அரங்கத்துக்குத் தள்ளின. அரங்கத்துக்கு வாடகை வேண்டும். வாடகை கொடுப்பவருக்கு மேடையில் நாற்காலி வேண்டும். முன்னிலைப் பட்டியல் நீள்வதன் பொருளாதாரம் இதுதான். அமைப்பாளர்களை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கைக்காசு போட்டு, போஸ்டர் ஒட்டி, பேச்சாளரை ஜங்ஷனில் போய் அழைத்துவரும் ஆட்களை எனக்குத் தெரியும்.

அரசின் காசில் நடக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் மாநில நூலகச் சட்டம். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அப்படியானால் நூலகத்து வாசகர் வட்டம் நம் சொந்தக் காசில் நடக்கும் கூட்டம். பாரதியார் 1921இல், இறப்பதற்குச் சில வாரம் முன்பு, ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வாசகசாலை என்ற ஒரு சிறிய இடத்துக்குத்தான் வந்து பேசினார். கிளை நூலகங்களில் நாற்பது பேர் உட்கார இடம் உண்டு. மாலையில் ஒரு மணிநேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறி நிறுத்திவிட்டு வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். 2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்த அரசு உதவுகிறது; அங்கே கூட்டம் சேருகிறது, குழந்தைகள் வருகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் அது ஆண்டுக்குப் பத்து நாள். அங்கும் பெரும்பாலும் சிறப்புரைதான்.

யார் வரவில்லை என்று அரங்கத்தில் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். பெண்கள் முன்வரிசையில் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். மாலை ஆறு முதல் எட்டரை என்பது சமையல் நேரம், பிள்ளைகள் படிக்கும் நேரம், டவுன் பஸ் குறையும் நேரம். கூட்டநேரத்தைத் தீர்மானிப்பவர்கள் வீட்டில் அடுப்பைக் கவனிக்காதவர்கள். ஞாயிறு காலை பத்தரைக்கு வைத்த கூட்டங்களில் பெண்கள் வந்து கேள்வி கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னும் தொலைவில் இருப்பவர்கள் சேர்வராயன் மலைக்காரர்கள். ஏற்காட்டில் பண்பாடு என்றால் மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் என்று ஆகிவிட்டது. விழா மேடையில் மலையாளி என்று அழைக்கப்படும் இந்த மலைப் பழங்குடிகளின் (கேரளத்தவர் அல்ல) ஆட்டம் இடம்பெறலாம். அவர்களின் பேச்சு இடம்பெறுவதில்லை. நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் பக்கத்து ஊர்களிலிருந்து கடைசி பஸ்ஸை நம்பி யாரும் அஸ்தம்பட்டிக்கு இலக்கியக் கூட்டம் கேட்க வரமுடியாது. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் உட்கார்ந்து காரியம் பேசித் தீர்க்கும் வழக்கம் அந்த மக்களிடம் நெடுங்காலமாக உண்டு. மலையைத் தோண்டி போக்சைட் கற்கள் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பல்லாண்டு காலம் போனபோது, அந்தப் பேச்சு மலைக்குக் கீழே யார் காதிலும் விழவில்லை.

பேசுவதும் கேட்பதும் சட்டத்தின் கட்டாயமாக இருக்கும் மேடைகளை மலையில்தான் தேட வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி இல்லை. அதனால் 1996ஆம் ஆண்டுப் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டம் தரும் கூடுதல் அதிகாரம் ஏற்காட்டுக்குக் கிடையாது. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி நில உரிமைக் கோரிக்கை கிராம சபையில்தான் தொடங்க வேண்டும். அந்தச் சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். எந்த இலக்கிய அமைப்பும் தனக்கு இப்படி ஒரு விதி வைத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நகரத்துக்கும் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் வந்திருக்கின்றன. சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளிலும் இதைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு.

இதற்கு நேர்மாறானது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன், 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, 30 நாள் அவகாசம் கொடுத்து, ஆட்சியரோ அவரது பிரதிநிதியோ தலைமையேற்று நடத்த வேண்டும். பேசுவது முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். ஆனால் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி அதற்கு இல்லை. யாரும் வராவிட்டாலும் கேட்டதாகக் கணக்கு. 2018இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைத் திட்டம் வந்தபோது அந்தக் கேட்பும் சுற்றுச்சூழல் அனுமதியும் வருவதற்கு முன்பே நிலமெடுப்பு அறிவிக்கை வந்துவிட்டது. திட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காக அந்த ஜூனில் சேலத்தில் கைதுகள் நடந்தன. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. அந்த 2018இல், வயலில் நின்றபடியே அளவைக்கல் நடவந்தவர்களிடம் வாதாடிய விவசாயப் பெண்களின் பேச்சை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். நிலம், தண்ணீர், வாழ்வு பற்றி அந்த ஆண்டு சேலத்தில் பேசப்பட்ட ஆகச்சிறந்த பேச்சுகள் அவை என்று நான் சொல்வேன். அவற்றுக்கு மைக்கும் இல்லை, மேடையும் இல்லை.

அமைப்பாளர் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. வாழ்த்துரைகளை நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். சிறப்புரையை நாற்பது நிமிடத்தில் நிறுத்தி, அதே அளவு நேரத்தைக் கேள்விக்கு ஒதுக்குங்கள். மாறுபட்ட கருத்துள்ள ஒருவரை அதே மேடையில் ஏற்றுங்கள். 1943இல் முடிந்தது இப்போது முடியாமல் போகாது. ஆண்டுக்கு இரண்டு கூட்டத்தையாவது மலைமேல், பகலில், பள்ளிக்கூட வராந்தாவில் வையுங்கள். அங்கே பேசப் போகிறவர், ஒரு கிராம சபை நாளில் முன்கூட்டியே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும். வருகைப் பதிவேடு கைக்குக் கை மாறிவரும்போது, கையெழுத்துப் போடாமல் நிறுத்தி, “என்ன தீர்மானம் எழுதியிருக்கீங்க, மொதல்ல படிச்சுக் காட்டுங்க” என்று ஒரு பெண் கேட்பார். கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பும்.